ஆ.போ. 20

என் கைபேசியில் மகளின் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அவள் முகம் முடிந்துவிடும். அவள் பிறந்த அன்று என் மாமியார் எடுத்த படம்தான் கடைசி. அதற்கு முன்னால் இருப்பவை எல்லாம் ஒரு நீள நோட்டின் பக்கங்கள். நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். பம்பு எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காரணம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நான்கு பத்திகள். கடைசிப் பத்திக்குக் கட்டைவிரல் அகலம்தான் இடம். ஒரு பக்கத்தின் ஓரத்தில் எண்ணெய் படிந்த விரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. காரணப் பத்தியில், வரிக்கு வரி, நீல மையில் ஒரே எழுத்துகள்: ஆ.போ. 20. அதன் பக்கத்தில் பேனா வழுக்கியது போல ஒரு சின்னச் சாய்ந்த கோடு. போனில் இடம் இல்லை, இதையெல்லாம் அழித்தால் என்ன என்று கணவர் பலமுறை கேட்டுவிட்டார். அழிக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நானும் நினைக்கிறேன். பிறகு, குழந்தை சோறு தின்ற படங்களில் நான்கைந்தை அழித்துவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

அந்த நோட்டு சேதராப்பட்டில் நான் வேலை பார்த்த பம்பு கம்பெனியுடையது. நான் பி.சி.ஏ. படித்தவள். வில்லியனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய், மாடியில் ஏ.சி. அறையில் பில் பதிவு செய்யும் வேலையில்தான் சேர்ந்தேன். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, "கீழ லைன்ல ஒரு பம்பு சேர்க்க எவ்வளவு நேரம் ஆகுது, எங்க நிக்குது, ஏன் நிக்குதுன்னு ஒரு இடத்துல பாக்கணும்மா, உங்களால முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முடியுமா என்று பயம் வந்தது. என் சுபாவம் அது. வாய் முதலில் சரி சொல்லிவிடும், மனசு அதற்கப்புறம்தான் கேள்வி கேட்கும். அப்போது எனக்கு மூன்றாம் மாதம். பிரசவ விடுப்பு எடுப்பதற்குள் அதற்கான தரவுத்தளத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுவிட வேண்டும், விடுப்பில் போனவள் பாதியில் விட்டுப் போனாள் என்று யாரும் சொல்லக்கூடாது என்று ஒரு வைராக்கியம்.

கீழே ஆறு டேபிள்கள். முதல் மூன்றில் பம்பின் உள்பாகங்கள் சேரும். நாலாவதில் கேஸ்கெட் என்கிற ரப்பர் பட்டையை வைத்து, மூடியைப் போட்டு, சுற்றிலும் போல்ட்டுகளை இறுக்குவார்கள். ஐந்தாவதில் உள்ளே தண்ணீரை அழுத்தமாக விட்டுக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஆறாவதில் பெயின்ட் அடித்துப் பெட்டியில் போடுவார்கள். நாலாம் டேபிளில் காலை ஷிஃப்ட்டில் இருந்தவரைத்தான் நான் சொல்ல வந்தேன். எல்லோருக்கும் அவர் நாலாம் டேபிள் அக்கா. அபிஷேகப்பாக்கத்துக்காரர். கணவர் வீட்டில் சொந்தமாகக் கொஞ்சம் நெல் வயல். விடியற்காலையில் தவளக்குப்பத்துக்கு வந்து கம்பெனி பஸ்ஸில் முதல் ஆளாக ஏறிவிடுவார். ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தார். எங்கள் கம்பெனியில் பர்மனென்ட் ஆனவர்களின் கோட்டுப் பையில் பெயர் தைத்திருக்கும். கான்ட்ராக்ட் ஆட்களின் கோட்டில் பை மட்டும்தான். அந்த வருடம் காலை ஷிஃப்ட்டிலிருந்து சிலரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. "எனக்குப் பேர் தெச்சாங்கன்னா, மாமியார் வூட்டுல அந்தக் கோட்டோடதான் சாமி கும்புடுவேன்" என்று அவர் பஸ்ஸில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தது நினைவிருக்கிறது. மாடியில் வேலை செய்யும் பெண்களைக் கீழே மேடம் என்பார்கள். என்னை 'டேட்டா மேடம்' என்பார்கள். அதைச் சொல்லும்போது அக்கா மட்டும் கூடவே ஒரு சல்யூட்டும் வைப்பார்.

வேலையைத் தொடங்கப் பழைய நோட்டுகளை முதலில் படிக்க வேண்டியிருந்தது. கீழே இறங்கினால் சூடான ரப்பர் வாசனையும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து குமட்டும். அதனால் மூக்கில் துப்பட்டாவை அழுத்திக்கொண்டு, பக்கங்களை வேகவேகமாகப் படம் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவேன். காரணப் பத்தியில் இடமில்லாததால் லைனில் எல்லோருமே சுருக்கித்தான் எழுதுவார்கள். க.இ. என்றால் கரண்ட் இல்லை. அது எனக்கே புரிந்தது. சா.வ. என்று இருந்ததை மட்டும் ஒருவரிடம் கேட்டேன். சாமான் வரவில்லை என்றார்கள். ஆ.போ. என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஆள் போனது. வேறென்ன இருக்க முடியும்? ஆள் எழுந்து போயிருக்கிறார், இருபது நிமிடம் கழித்து வந்திருக்கிறார், நேர்மையாக எழுதியும் வைத்திருக்கிறார். 'இருக்கையில் இல்லை' என்று ஒரு காரணத்தை உருவாக்கி, ஆ.போ. எல்லாவற்றையும் அதன் கீழே போட்டேன்.

தரவு எனக்கு ஒருமுறை சைகை காட்டியது. அதை நான் மறைக்கக் கூடாது. நாலாம் டேபிளின் நேரங்களைக் கூட்டினால் சில நாட்களில் எட்டு மணி நேர ஷிஃப்ட்டுக்குள் பத்து மணி நேரம் வந்தது. ஒருவர் ஒரு சமயத்தில் ஒரு பம்பைத்தான் கையில் வைத்திருப்பார் என்பது என் வடிவமைப்பு. இரண்டு பம்புகளின் நேரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. கீழே போய்ப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் செய்தது வேறு. நேரத்தைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, எட்டு மணிக்கு மேல் போனால் வெட்டிவிடும்படி ஒரு விதி எழுதினேன். கணக்கு அழகாக நின்றது. அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. இன்னொரு பிழையும் உண்டு. கசிவு, உடைசல் போன்ற பிரச்சினைகளை எழுத ஒரு தனி அட்டவணை வைத்தேன். அதில் தேதி இருந்தது, எந்த டேபிளில் தெரிந்தது என்று இருந்தது. எந்தப் பம்பு என்கிற எண் இல்லை. நேரம் ஒரு பக்கம், பிரச்சினை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் போய்வர வழியே இல்லாமல் சுவர் எழுப்பிவிட்டு, வீடு கட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் அறிக்கையை மேனேஜர் சுவரில் பெரிதாகப் போட்டுப் பார்த்தார். ஆறு டேபிளுக்கும் ஆறு பட்டைகள். நாலாவது பட்டையில் கால்வாசி சிவப்பாக இருந்தது. சிவப்பு நிறத்தை நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன், பளிச்சென்று தெரியட்டும் என்று. "சூப்பர்மா, இதத்தான் இவ்வளவு வருஷமா தேடினேன்" என்றார். அக்காவை மாடிக்குக் கூப்பிட்டார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் எங்கம்மா போறீங்க?"

"எங்கயும் போவலியே சார்."

"சிஸ்டம் சொல்லுது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வீட்டில் இரும்புப் பெட்டியின் சாவியைத் தொலைத்தவர்கள் மற்றவர் முகத்தைப் பார்ப்பார்களே, எங்கேயாவது பார்த்தாயா என்று, அப்படி. நான் கீபோர்டில் எதையோ தட்டினேன். அவருக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்தார்கள். பர்மனென்ட் ஆகும் பட்டியலில் அவர் பெயர் இருப்பது இனி சந்தேகம்தான் என்று மாடியில் பேசிக்கொண்டார்கள். அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் என் வேலை சரியாக இருக்கிறது என்கிற திருப்தி அதை மூடிக்கொண்டது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கீழே கேலி ஆரம்பமானது. இரண்டு மணி நேரம் பாத்ரூமில் என்னதான் செய்கிறார் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "நாலாம் டேபிள் அக்காவுக்கு அங்கயே ஒரு டேபிள் போட்டுக் குடுங்கப்பா" என்று யாரோ சொல்லி எல்லோரும் சிரித்தது மாடிப்படிவரை கேட்டது. சில நாட்கள் கழித்து மதிய உணவு நேரத்தில் தண்ணீர்க் குழாய் அருகே அவரைப் பார்த்தேன். டிபன் பாக்ஸை மட்டும் கழுவினார். வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் வைத்துக் கொப்பளித்துத் துப்பினார். குடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், "இன்னாக்கா, வெயிலு இந்தப் போடு போடுது, ஒரு வாய் குடியேன்" என்றார். "குடிச்சா எழுந்திருக்கணும்டி. எழுந்தா எழுதுவாங்க" என்றார் அக்கா. என் வயிற்றில் குழந்தை அப்போது அசையத் தொடங்கியிருந்தது. டாக்டர் சொன்னபடி நான் கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் பாட்டில் வைத்திருந்தேன். அதைச் சேலை முந்தானையில் மறைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் அடுத்த வார அறிக்கையில் சிவப்பு குறையவில்லை. எழுந்தே போகாத மனுஷி எப்படி இருக்கையில் இல்லாமல் போக முடியும்? முதன்முதலாக எனக்குள் ஏதோ இடறியது. ஆனாலும் கீழே போய்க் கேட்கவில்லை. கேட்டால் நான் தப்பு செய்திருக்கிறேன் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, நேரமில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள், ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்பும்போது அக்கா தன் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்துக்கண்ணு ஊர் தாண்டியது. பிறகு முன் சீட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "மேடம், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? நான் எழுந்து போறேன்னு அதுக்கு எப்பிடி தெரியுது? மேல கேமரா கீதா?"

"கேமரா இல்லக்கா. நீங்களே எழுதியிருக்கீங்க."

"நானா?"

போனை எடுத்து இந்தப் படத்தைக் காட்டினேன். ஆ.போ. 20. "ஆள் போனது, இருபது நிமிஷம்" என்று படித்தும் காட்டினேன். அவர் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, கண்ணில் நீர் வர, முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடிப் பாவி! ஆறப்போட்டதுடி அது! ஆறப்போட்டது!"

அப்புறம் அவரே விளக்கினார். கேஸ்கெட் ரப்பர். முதல்முறை இறுக்கும்போது வீம்பு பிடித்துக்கொண்டு நிற்கும். இருபது நிமிடம் அப்படியே விட்டால் அமுங்கி உட்காரும். அது உட்கார்ந்ததும் போல்ட்டுகள் தானாகக் கொஞ்சம் தளரும். அப்போது திரும்ப வந்து இன்னொரு சுற்று இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாம் டேபிளில் தண்ணீர் விடும்போது பீய்ச்சி அடிக்கும். "வுட்டுட்டு சும்மாவா குந்திகினு இருப்பேன்? அது ஆறுறதுக்குள்ள அடுத்த பம்ப எடுத்து மூடி போட்டுடுவேன்." யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பம்புக்கான புத்தகத்திலும் அது இல்லை. கசிந்து திரும்பி வந்த பம்புகளைக் கழற்றிக் கழற்றி அவரே கண்டுகொண்டது. என் எட்டு மணி நேர விதி வெட்டி எறிந்த இரண்டு மணி நேரம் எதுவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரே நேரத்தில் இரண்டு பம்பு பார்த்திருக்கிறார்.

சிரிப்பு நின்றதும் அவர் முகம் சட்டென்று மாறியது. "அந்த மெமோவ நான் படிக்காம கையெழுத்துப் போடல. படிச்சிட்டுதான் போட்டேன். சிஸ்டம் சொல்லுது, சிஸ்டம் சொல்லுதுன்னு சொல்லச் சொல்ல, ஒருவேளை நாமதான் எழுந்து போயிட்டு மறந்துட்டமோன்னு ஆயிடுச்சி." பஸ் வில்லியனூருக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நான் இறங்க எழுந்தபோது என் கையைப் பிடித்துப் படிவரை கொண்டுவந்து விட்டார். "பாத்து எறங்கு. நாளைக்கு மேல போனதும் சொல்லிடு, இன்னா?" என்றார். 'மேடம்' என்று கூப்பிடுவது போய்விட்டிருந்தது. அதை நான் கவனித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நோட்டையும் ஐந்தாம் டேபிளின் சோதனை நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பம்பு எண்ணை வைத்து ஒன்றோடொன்று பொருத்தினேன். குமட்டலைப் பொறுத்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்து இரண்டு நாள் செய்தேன். அக்கா ஆறப்போட்ட பம்புகளில் கசிந்தவை அபூர்வம். மாலை ஷிஃப்ட்டில் அப்படி யாரும் செய்வதில்லை. கசிவெல்லாம் பெரும்பாலும் அவர்களுடையது. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் இணைத்து மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினேன். எத்தனையோ முறை அழித்தழித்து எழுதிய அந்த மெயிலின் முதல் வரி, தமிழில் சொன்னால், இது: 'சில காரணக் குறியீடுகளின் வகைப்பாடு மாற்றப்பட்டுள்ளது.' யார் மாற்றியது, ஏன் மாற்றியது, முன்பு என்ன தப்பு நடந்தது, எதுவும் அதில் கிடையாது. அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. உண்மையில் ஆள் போனது அங்கேதான்.

அவர் மெயிலைத் திறக்கவில்லை. திறக்கும்படி அதில் ஒன்றும் இல்லை. அந்த வாரமே பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும், நான் அவர் அறைக்குள் போய் நின்றேன். கால் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ஆ.போ. என்பதை நான் தவறாகப் படித்துவிட்டேன் என்று வாயால் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நான் காட்டிய கசிவுக் கணக்கைக் கவனமாகப் பார்த்தார். "இது நல்ல பாயின்ட்மா. ரெண்டு ஷிஃப்ட்லயும் இத கொண்டு வந்துடலாம்" என்று குறித்துக்கொண்டார். "அந்தக்கா மெமோ, சார்?" என்றேன். "லிஸ்ட் போயிடுச்சு. உங்க டெலிவரி நேரத்துல எதுக்கு டென்ஷன்? இத கொஞ்சம் ஆறப்போடுங்க. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

ஆறப்போடுங்க என்றுதான் சொன்னார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கர்ப்பிணியின் அழுகை என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நானும் குடித்தேன். சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மறுவாரம் விடுப்பு தொடங்கியது. அக்காவிடம், சொல்லிவிட்டேன், அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள் என்றேன். "சரி வுடு. நீ நல்லபடியா பெத்துப் பொழச்சி வா" என்றார்.

நான் திரும்பிப் போகவில்லை. குழந்தை எடை ஏறாமல் முதல் ஆறு மாதம் மாற்றி மாற்றி ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். அந்த நாட்களில் நானும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். பால் குடித்த நேரம், தூங்கிய நேரம், அழுத நேரம், காரணம். கோடு போட்டு முடித்த பிறகுதான் எந்த நோட்டைப் பார்த்து அந்தக் கோடுகளைப் போட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அழுகைக்குப் பக்கத்தில் பசி என்று எழுதுவேன். உடனே, பசிதானா, வயிற்று வலியை நான் பசி என்று எழுதிவிட்டேனா என்று உட்கார்ந்து யோசிப்பேன். அடித்துவிட்டு வயிற்று வலி என்று எழுதுவேன். டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அடிச்சு எழுதியிருக்கீங்களே, எதம்மா நான் நம்பறது?" என்று சிரித்தார். அவருக்கு அது வேடிக்கை. நான் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா குழாயடியில் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரையே நினைத்துக்கொண்டு வந்தேன். எழுதுகிறவளுக்கு ஒரு நிமிஷம். எழுதப்பட்டவருக்கு அது தொண்டை வறண்டு போகும் கோடைக்காலம் முழுவதும்.

இப்போது மகளுக்கு இரண்டரை வயது. போன மாதம் பாகூரில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது தவளக்குப்பம் முனையில் பஸ்ஸுக்கு நின்றோம். கடலூர் ரோட்டின் இரைச்சலில் யாரோ கைதட்டிக் கூப்பிடுவது கேட்டது. நாலாம் டேபிள் அக்கா. ஷிஃப்ட் முடிந்து இறங்கியிருக்கிறார். கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார். என் கண் முதலில் அதன் பைக்குத்தான் போனது. பை வெறுமையாக இருந்தது. அவர் நேரே குழந்தையிடம் குனிந்து, "இதுதானா அன்னிக்கு வயித்துக்குள்ள குந்திகினு என்னை ஆள் போச்சின்னு எழுதுனது?" என்று அதன் கன்னத்தைக் கிள்ளினார். மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்கும் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது.

இரண்டு ஷிஃப்ட்டிலும் இருபது நிமிடம் ஆறப்போட வேண்டும் என்று லைனில் இப்போது போர்டே மாட்டியிருக்கிறார்களாம். போன வருடப் பட்டியலிலும் அவர் பெயர் வரவில்லை. ஃபைலில் மெமோ இருக்கிறது என்றார்களாம். இந்த மாதம் மறுபடியும் பெயர் எடுக்கிறார்கள். நாற்பது தாண்டினால் எடுப்பதில்லை என்பது கம்பெனி வழக்கம். அவருக்கு வருகிற தையில் நாற்பது. இதையெல்லாம் அவர் குற்றம் சொல்வது போலச் சொல்லவில்லை, ஊர்க் கதை சொல்வது போலச் சொன்னார். ஏதாவது பேச வேண்டுமே என்று போனை எடுத்து, "இன்னும் இத வெச்சிருக்கேன்க்கா" என்று அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "ஏன்டி, இத்தினி நாளா வெச்சிகினு இருக்கியே, இது இன்னான்னு என்னிக்காவது கேட்டியா?" என்று அந்தச் சாய்ந்த கோட்டைக் காட்டினார். பேனா வழுக்கியது என்று நினைத்தேன் என்றேன். "ஒண்ணு வழுக்கும். வரிக்கு வரியா வழுக்கும்? திரும்பி வந்து ரெண்டாவது தபா இறுக்கினா ஒரு கோடு. வெறும ஆறப்போட்டுட்டுப் போறதுக்குப் பேரு ஆறப்போடறதா? அதுக்குப் பேரு வுட்டுட்டுப் போறது." அவருடைய பஸ் வந்துவிட்டது. குழந்தைக்கு ஒரு ஃப்ளையிங் கிஸ் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அவர் அதைப் பம்பைப் பற்றி மட்டும்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். இல்லை, தெரிந்துதான் சொன்னாரா? வீடு வந்து சேரும்வரை இதுவா அதுவா என்று மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டே வந்தேன்.

நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதினேன். இந்த முறை தமிழில். 'நாலாம் டேபிளில் பணிபுரியும் இன்னாரின் பதிவுகளை நான் தவறாகப் படித்தேன். அவர் ஒருநாளும் இருக்கையை விட்டுப் போகவில்லை. தவறு என்னுடையது. மெமோவை எடுத்துவிட வேண்டுகிறேன்.' அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அந்தக் கடிதத்தில் தகப்பனார் பெயரோடு முழுதாக எழுதியிருக்கிறேன். நோட்டுப் பக்கத்தின் படத்தையும் பிரின்ட் எடுத்து இணைத்தேன். தபாலில் போடலாம் என்று கணவர் சொன்னார். தபாலில் போனால் அது வந்ததா, பார்த்தார்களா என்று மறுபடியும் நானே ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சேதராப்பட்டுக்கு நேரில் போனேன்.

மேனேஜர் அவரேதான். என்னை அடையாளம் கண்டு, குழந்தைக்கு பிஸ்கட் வரவழைத்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க? போன்ல சொல்லியிருக்கலாமே" என்றார். நகலை நீட்டி, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டேன். அவர் ஓரத்தில் பேனாவை ஓடவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பார்த்தால் ஒரு சாய்ந்த கோடு. வெறும் கோடு. நன்றி சார் என்று சொல்லி எழுந்து கதவுவரை வந்துவிட்டேன். பிறகு திரும்பி நடந்தேன்.

"சார், இது என்ன?"

"என் இனிஷியல்மா."

"பேர எழுதி, தேதியும் போட்டுக் குடுங்க சார்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். எழுதிக் கொடுத்தார். ஃபைலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஆறப்போடுங்கள் என்று சொல்லவில்லை.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று அந்த நகலைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். மதிய உணவு நேரம். உடனே அவர் குரல் பதிவு வந்தது. பின்னால் தட்டுகளின் ஓசை, யாரோ சத்தமாகச் சிரிப்பது. "பாத்தேன்டி. ரெண்டாவது சுத்து இறுக்கிட்ட. இனிமே அஞ்சாம் டேபிள்ல தண்ணி வுட்டுப் பாத்தாதான் தெரியும். நீ வெயில்ல நிக்காத, புள்ளய தூக்கினு வூட்டுக்குப் போ."

பட்டியல் இன்னும் வரவில்லை. தினமும் போனைப் பார்க்கிறேன். இப்போது மகளின் படங்களுக்கு இந்தப் பக்கம் அந்த நகல் இருக்கிறது. அந்தப் பக்கம், கடைசிவரை தள்ளிக்கொண்டே போனால், நோட்டுப் பக்கம். ஆ.போ. 20, பக்கத்தில் கோடு. ஆ.போ. 20, பக்கத்தில் கோடு. நேற்று முதன்முறையாக, கோடு இல்லாத வரி ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பத்துச் சொச்சம் பக்கங்களிலும் ஒன்றுகூட இல்லை.